கறையான் வீடு

என்னகா, சீனிக் குளிசை, பிறசர் குளிசை எல்லாம் இறங்கிட்டா? இறங்கினாக் காத இஞ்சால தாங்க. காது கேக்காதவங்க பக்கத்தில இருக்கிறவட முகத்தப் பாருங்க. அவ சிரிக்கக்குள்ள நீங்களும் சிரிச்சாப் போதும். இவ்வளவு காலமும் நாம அப்படித்தானே கொண்டு போறம்.

முந்தநாள் பின்னேரம் ஒரு மழை பெஞ்சிச்சே, மாரியிட முதல் மழை. விட்ட கையோட எங்கட விறாந்தை பல்புக்குக் கீழ ஒரே சிறகு. மகள் தும்புத்தடியத் தூக்கிட்டு ஓடி வாறாள், கறையான் கறையான் எண்டு. நான் ஒண்டப் பிடிச்சி மூக்குக் கண்ணாடிக்குக் கிட்ட வச்சிப் பார்த்தன். கூட்டாத புள்ள, இது எறும்பு, கலியாணத்துக்கு வெளிக்கிட்டு வந்திரிக்கி எண்டன். உங்களுக்கு எப்படித் தெரியும் எண்டு கேட்டாள். கேக்கத்தானே செய்வாள். கடிதம் வந்தா மணந்து பார்த்துத்தான் ஆர் அனுப்பின எண்டு சொல்ற ஆள் நான். ஆனாப் பூச்சியிட இடுப்ப வாசிக்க எனக்குத் தெரியும். அந்த இடுப்பாலதான் எனக்கு மூத்தவ, எங்கட ராத்தாட கலியாணமே ஆடிச்சி.

அப்ப எனக்குப் பல்லு விழுந்து பல்லு முளைக்கிற வயசு. இப்ப விழுறது மட்டும்தான். ராத்தா பெரிய புள்ளயாகி, பள்ளிக்கூடத்தால நிப்பாட்டியாச்சி. அந்தக் காலத்தில பொம்புளப் புள்ள பெரிசாகினா அவட உலகம் வேலிக்கு உள்ளுக்கத்தான். வேலிக்கு அங்கால கடல் கிடந்திச்சி, சத்தம் மட்டும் உள்ளுக்க வரும். ராத்தாக்குப் படிப்பெண்டா உசிரு. வாசிக்க ஒண்டும் கிடைக்காம, வளவுக்குள்ள வாறத வாசிக்கத் தொடங்கிட்டா. வளவுக்குள்ள என்ன வரும்? பூச்சிதான் வரும். கிணத்தடியில குந்திக்கிட்டு, நாடியில கைய வச்சிக்கிட்டுப் பார்த்தபடி இருப்பா. உம்மா தலையில அடிச்சிக்குவா. சுவரப் பார்த்துட்டு இருக்கிற புள்ளய எந்த மாப்புள எடுப்பான் எண்டு கேப்பா. ராத்தா பார்த்தது சுவர இல்ல. சுவரில குந்திக்கிடந்த விட்டில் பூச்சிய. அத ஆர் உம்மாக்கு விளங்கப்படுத்துற?

நம்மட ஊரில புது ஆளொண்டக் கண்டா முதல்ல என்ன கேப்பம்? என்ன குடி, உம்மாட வம்சம் என்ன எண்டுதான். அதக் கேட்டா மத்ததெல்லாம் தானா வெளிய வரும். ராத்தா பூச்சிக்கும் அதே கேள்விய வச்சா. பேர் என்னவெண்டாலும் இரிக்கட்டும், குடி என்ன? ஆள் வாய் திறந்து சொல்லும், பூச்சி சொல்லாது. உடம்பப் பார்த்துத்தான் பிடிக்கோணும்.

முதல்ல கால். ஆறு இருந்தா நம்மட ஆள். எட்டெண்டாச் சிலந்தி, அது வெளியூர், பாய் போடத் தேவையில்ல. பொறகு சிறகு. ஈக்கும் நுளம்புக்கும் ரெண்டே ரெண்டு சிறகுதான். மத்த ரெண்டும் இருக்க வேண்டிய இடத்தில குண்டூசித் தலை மாதிரி என்னமோ ஒண்டு துடிச்சிக்கிட்டிருக்கும். வண்டுக்கு முன்சிறகு அலுமாரிக் கதவு. முதுகு நடுவால நேர்கோடு போட்ட மாதிரிப் பூட்டிக் கிடக்கும். பறக்கக்குள்ள கதவத் திறந்து, உள்ளுக்க மடிச்சி வச்ச மெல்லிசுச் சிறக வெளிய எடுக்கும், பெருநாளைக்கு நாம சீலை எடுக்கிற மாதிரி. வயலில கதிர உறிஞ்சுற நாத்தப் பூச்சிக்கு அந்த நேர்கோடு இல்ல. சிறக முதுகில குறுக்கால போட்டிருக்கும். பாதி தடிப்பு, பாதி கண்ணாடி. வாய்க்குப் பதிலா ஊசி. எங்கட சாச்சி ஒராள் இருந்தா, அவட வாயும் அப்படித்தான். அவவ அந்தக் குடியில சேர்த்தம்.

தும்பிக்குச் சிறக மடிக்கத் தெரியா, கம்பிக்கு மேல விரிச்ச கையோட நிக்கும். தலையெல்லாம் கண். வண்ணாத்திப்பூச்சியத் தொட்டா விரலில மா ஒட்டும். மீசை நுனியில ஒரு மணி இருந்தா வண்ணாத்தி, மீசை இறகு மாதிரி இருந்தா விட்டில். கும்பிடுபூச்சிய மட்டும் நாங்க பிடிக்கல்ல. அது ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கும். துஆ முடியட்டும் எண்டு காத்திருப்பம். அதுக்கு முடியவே முடியாது. ஒரு நாள் அந்தக் கையாலயே இன்னொரு பூச்சியப் பிடிச்சித் திண்டிச்சி. ராத்தா என்னைப் பார்த்தா. எனக்கு எங்கட சொந்தத்தில சில பேர்ட ஞாபகம் வந்திச்சி.

கடைசியா இடுப்புக் குடி. குளவி, தேனீ, எறும்பு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவால நூல் கட்டி இறுக்கின மாதிரி இருக்கும். எறும்புக்குச் சிறகெங்க எண்டு கேட்டன். மாரி வரட்டும், காட்டுறன் எண்டா.

ஒரு நாள் குசினிக்குள்ள மஞ்சள் வரி போட்ட பூச்சியொண்டு வந்து, உம்மா குளவி எண்டு சத்தம் வச்சிட்டு வெளிய பாஞ்சிட்டா. ராத்தா போய் அத வெறும் விரலால பிடிச்சிட்டு வந்தா. சிறகு ரெண்டுதான், மீசை கட்டை, கண் பெரிசு. குளவியிட சட்டையப் போட்டுட்டு வந்த ஈ. கொட்ட அதுக்குக் கொடுக்கே இல்ல. உம்மா அதப் பார்க்கல்ல. புள்ளக்கு ஜின் பிடிச்சிட்டெண்டு ஓதின தண்ணி எடுக்கப் போயிட்டா.

அந்த வருஷம்தான் வாப்பா ராத்தாக்கு வீடு கட்டி முடிச்சார். வெளியூராக்கள் கேட்டா அதிசயப்படுவாங்க, நமக்குத் தெரிஞ்சதுதானே. பொம்புளப் புள்ளக்கு வீடு, மாப்புள வந்து குடியிருப்பார். ஆம்புளப் புள்ளையப் பெத்தவ வளர்த்து, உடுப்பாட்டி, இன்னொருத்திட வாசலில கொண்டு போய் விடோணும். வாப்பா வயல்காரர், கை இறுக்கம். ஆனா அந்த வீட்டு வாசலுக்கு மட்டும் காட்டுப் பக்கமிருந்து வண்டியில, கறையான் கிட்ட வராத முதிரை மரம் கொண்டு வந்து நிலை போட்டார். வாற போற எல்லாரையும் அந்த நிலையத் தட்டிப் பார்க்கச் சொல்லுவார். மீன் வாங்க வந்தவனும் தட்டினான்.

மாப்புள மருதமுனையில, ஒரு வாத்தியார். அவர்ட வாப்பா மௌத்தாகி, உம்மாட தறியில வளர்ந்த ஒரே புள்ள. கூடப் பிறந்த பொம்புளையும் இல்ல. பேச்சு வந்தண்டைக்கு உம்மா ஆளுட நிறம், உயரம் எல்லாம் ராத்தாக்குச் சொன்னா. ராத்தா தலையத் தூக்கல்ல. கடைசியில, அவருக்கு ஒரு அலுமாரி நிறையப் புத்தகமாம் எண்டா. அண்டிலிருந்து ராத்தா தேங்காய் துருவக்குள்ளயும் சிரிச்சா. அலுமாரிய நினைச்சிச் சிரிச்ச மணவாட்டிய நான் வேறெங்கயும் காணல்ல.

மாப்புளட உம்மாவும் அவட காக்கா, கூடப் பிறந்த மூத்தவரும் வீடு பார்க்க வந்த பின்னேரம்தான் மாரியிட முதல் மழை. ஊத்தி விட்டிச்சி. விட்ட உடனே காத்தே இல்ல. மண் வாசம் தலைக்குள்ள ஏறுது, இருட்டுமில்ல வெளிச்சமுமில்ல. உம்மா லாம்பக் கொளுத்தித் தூக்கினா. வாப்பா நிலையத் தட்டிக்கொண்டு நிக்கிறார். அந்த நிலைக்குக் கீழ, மண்ணுக்குள்ள இருந்து, புகை எழும்புற மாதிரிச் சிறகு எழும்பிச்சி. லாம்பச் சுத்திப் பொன் தூள். உம்மாட முக்காட்டில, வட்டிலாப்பத் தட்டில, வாப்பாட தாடியில எல்லாம் சிறகு. நான் வாயப் புளந்துட்டு நிக்கிறன். சுவர்க்கத்தில இப்படித்தான் மழை பெய்யுமாக்கும் எண்டு நினைச்சன்.

மாப்புளட உம்மா லாம்ப வாங்கி, கீழ குனிஞ்சி, கனநேரம் பார்த்தா. நிமிர்ந்து, மெதுவாத்தான் சொன்னா.

"வீட்டில கறையான் இரிக்கி."

அவட காக்கா தேத்தண்ணிக் கோப்பைய வச்சிட்டார். தூத்தல் திரும்பவும் தொடங்கிச்சி. அவ முக்காட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு நனைஞ்சி நனைஞ்சி போனா. வட்டிலாப்பத்தில கை வைக்கல்ல. அத நான்தான் திண்டு முடிச்சன், சிறகோட.

மறுகாச் சொல்லி அனுப்பினாங்க, பேச்சக் கொஞ்சம் தள்ளி வைப்பம் எண்டு. தள்ளி வைக்கிறதெண்டா என்னவெண்டு நமக்குத் தெரியாதா? கதை சாய்ந்தமருதெல்லாம் சுத்தி, மீன் வண்டிக்கு முன்ன நிந்தவூருக்குப் போயிட்டு. இப்படிப் பேர் வாங்கின வீட்டுக்கு இனி எந்த மாப்புள வருவான்? ராத்தா தேங்காயத் துருவினா. சிரிப்பில்ல. வேலி இன்னும் கிட்ட வந்த மாதிரி இருந்திச்சி.

வாப்பா சும்மா இருக்கல்ல. முதிரையில கறையான் எண்டது அவருக்கு அவர்ட மகளச் சொன்ன மாதிரி. ஓடாவியக் கூட்டிட்டு வந்தார், மரவேலை செஞ்ச அதே ஓடாவி. ரெண்டு பேருமாப் புது விறாந்தையக் கொத்திக் குழி தோண்டினாங்க, நிலையிட கால் முழுக்கத் தெரியிற மட்டும். புத்துமில்ல, மண் பூச்சுமில்ல, மரத்தில ஒரு கீறலுமில்ல. ஊரக் கூப்பிட்டுக் காட்டினார். ஊர் வந்து பார்த்திச்சி. இவ்வளவு பெரிய குழி தோண்டினாரெண்டா எவ்வளவு கறையான் இருந்திரிக்கோணும் எண்டு கதைச்சிக்கொண்டு போச்சி.

ராத்தாக்கு அதுக்கு முதலே தெரியும். வந்தவங்க போன உடனே லாம்புக்குக் கீழ ஒரு சட்டியில தண்ணி வச்சிட்டா. காலையில சட்டியில மிதந்ததெல்லாத்தையும் ஈர்க்கிலால ஒதுக்கி எனக்குக் காட்டினா. இடுப்பிருக்கு. மீசை நேரா நிக்கல்ல, முழங்கை மடிச்ச மாதிரி வளைஞ்சிரிக்கி. முன்சிறகு நீளம், பின்சிறகு கட்டை. மறுகாக் கோழிக்கூட்டுக்குப் பின்னால உக்கிக் கிடந்த வேலிக்கட்டையிலிருந்து சிறகு முளைச்ச மெய்யான கறையான் ஒண்டக் கொண்டு வந்து பக்கத்தில வச்சா. அதுக்கு இடுப்பே இல்ல, நெஞ்சும் வயிறும் ஒரே உருளை, நம்மட மாதிரி. மீசை மணி கோத்த மாதிரி நேரா. சிறகு நாலும் ஒரே அளவு, தொட்ட உடனே கழண்டு போகும்.

உம்மாக்கிட்டப் போய்ச் சொன்னா. உம்மா அரிசி புடைச்சிக்கொண்டே சொன்னா, "மாப்புள வீட்டார் கறையான் எண்டாக் கறையான்தான். நாம இடுப்பப் பார்த்து என்ன செய்ய?"

ராத்தா சின்ன மருந்துப் போத்தலொண்டக் கழுவி, அதுக்குள்ள ரெண்டு குடியில இருந்தும் ஒவ்வொண்டப் போட்டு, மூடி, என்ட கையில தந்தா. அதோட ஒரு பார்வை. மாப்புளட உம்மாக்கிட்டக் காட்டு எண்ட பார்வை.

போகக் காரணம் ஒண்டிருந்திச்சி. மாப்புளட உம்மாட குடை எங்கட கதிரை முதுகில தொங்கினபடி கிடந்திச்சி. கறுத்தக் குடை, வளைஞ்ச மரப்பிடி, பிடியில சிவப்பு நூல் சுத்தியிருக்கும். நல்லா யோசிச்சிப் பாருங்ககா. மழை தூறக்குள்ள குடைய மறந்துட்டுப் போறவ ஆரும் இரிக்காங்களா? அண்டைக்கு ஒருத்தரும் அத யோசிக்கல்ல. ஆக்கள்ட சாமான் ஒண்டும் நம்மட வீட்டில கிடக்கப்படா, கொடுத்துட்டு வந்து கணக்க முடிப்பம் எண்டு உம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினா.

மருதமுனையில ரோட்டில நிக்கக்குள்ளயே தறிச் சத்தம். டக்கு டக்கு எண்டு ஊர் முழுக்க இதயம் அடிக்கிற மாதிரி. கஞ்சி வாசமும் சாய வாசமும். மாப்புளட உம்மா மண்குழிக்குள்ள கால விட்டுக்கொண்டு தறியில குந்தியிருந்தா, சாரனொண்டு பாதி நெய்து இறங்கியிரிக்கி. உம்மா சலாம் சொல்லிக் குடைய நீட்டினா. அவ நாடாவ எறியிறத நிப்பாட்டல்ல. அங்கால வைக்கச் சொன்னா. அவ்வளவுதான் கதை. உம்மா திரும்பப் போகக்குள்ள, நான் போத்தலத் தறிக்கு மேல வச்சிட்டன்.

உம்மா என்னைக் கிள்ளினா. கிள்ளக் கிள்ள நான் ராத்தா சொல்லித் தந்ததெல்லாம் ஒப்புவிக்கிறன், குர்ஆன் மதறசாவில ஒப்புவிக்கிற ராகத்தில. இது இடுப்புக் குடி மாமி. இது கறையான் குடி. மீசையப் பாருங்க. சிறகப் பாருங்க. ரெண்டும் ஒரே குடி இல்ல மாமி.

நாடா நிண்டிச்சி. அவ போத்தலப் பார்க்கவேயில்ல.

"எனக்குத் தெரியாதா புள்ள," எண்டா. "இந்தத் தறிக்குழிக்குள்ள இருந்தும் மாரிக்கு மாரி எறும்பு பறக்குது. நானும் பார்த்துட்டுத்தானே இருக்கன்."

உம்மாட கிள்ளு நிண்டிச்சி. "அப்ப ஏன் மச்சி அப்படிச் சொன்னீங்க?"

அவ நெய்த துணிய விரலால தடவிக்கொண்டே இருந்தா. மறுகாச் சொன்னா, "கறையான் எண்டா ஊர் நம்பும். மகனப் பிரிய ஏலா எண்டா ஆர் நம்புவாங்க?"

ரோட்டில மத்தத் தறிகள்தான் டக்கு டக்கு எண்டிச்சி. உம்மா முக்காட்ட வாயில வச்சிட்டா. ஆசைக்காரி, நல்ல வீடு கேட்டு விளையாடுறா எண்டு இவ்வளவு நாளும் ஏசினது உம்மாதான். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நான் அந்தக் குழியத்தான் பார்த்தன். இதே மாதிரி ஒண்ட எங்கயோ கண்டிரிக்கனே எண்டு யோசிச்சி, பிடிச்சிட்டன்.

"எங்கட ராத்தாட விறாந்தையிலயும் குழி இரிக்கி மாமி. வாப்பா தோண்டி வச்சிரிக்கார். உங்கட தறி அதுக்குள்ள இறங்கும்."

உம்மா திரும்பக் கிள்ளுவா எண்டு தோளச் சுருக்கினன். கிள்ளல்ல. அவ என்னைப் பார்த்தா, உம்மாவப் பார்த்தா. எவ்வளவு ஆழம் எண்டு கேட்டா. என்ட நெஞ்சு மட்டும் எண்டன். காணும், அவ்வளவு போதும் எண்டா. எழும்பிக் கை கழுவிட்டு வந்து தேத்தண்ணி ஊத்தினா. நாங்க வெளிக்கிடக்குள்ள அந்தக் குடைய எடுத்து உம்மாட கையில வச்சா.

"மழை இருட்டுது மச்சி, கொண்டு போங்க. கலியாணத்துக்கு வரக்குள்ள எடுத்துக்கிறன்."

பஸ்ஸில உம்மா குடைய மடியில வச்சிக்கொண்டு அழுதா. மழை வராத நேரத்தில ஏன் குடையப் பார்த்து அழுறா எண்டு நான் வெளிய பார்த்தன்.

மாப்புளட உம்மா மருமகள்ட வீட்டில குந்துறதா? நம்மட ஊரில அது எடுபடுமா? பள்ளிவாசல் வரைக்கும் கதை போச்சி. வாப்பா சொன்னார், ஆள் வரல்ல, தறிதான் வந்திரிக்கி, தறிய ஓட்ட ஒராள் வேணும்தானே எண்டு. அந்த மாமியும் லேசுப்பட்டவ இல்ல. வந்த அண்டைக்கே முதிரை நிலையில ஒரு ஆணி அடிச்சி, குடையத் தொங்க விட்டா. ஆரும் கேட்டா, நான் இருக்க வரல்ல, இந்தா வெளிக்கிடத்தான் போறன், பாருங்க குடை எண்டு காட்டுவா. காட்டிக் காட்டியே அவட ஹயாத்து முடிஞ்சிச்சி. சாகிற மட்டும் அந்த வீட்ட அவ கறையான் வீடு எண்டுதான் சொன்னா. கறையான் வீட்டுக்கு வாங்க, கறையான் வீட்டுத் தேத்தண்ணி குடிங்க எண்டு. நாங்க ஒருத்தரும் திருத்தல்ல.

மாரி பிறந்தா அவட தறிக்குழிக்குள்ள இருந்து எறும்பு எழும்பும். அவ நாடாவ நிப்பாட்டிட்டு லாம்பத் தூரத் தள்ளி வைப்பா, நெருப்பில விழாம. ராத்தா பக்கத்தில மச்சான்ட புத்தகத்த மடியில விரிச்சிக்கொண்டு இருப்பா. விரிச்ச பக்கத்தில சிறகு விழும். மாமியும் மருமகளும் கதைக்க மாட்டாங்க. அந்த வெளிச்சத்துக்குள்ள ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்க. ஆர் எந்தக் குடி எண்டு அப்ப பார்த்தாச் சொல்ல ஏலா.

கடல் எழும்பி ஊருக்குள்ள வந்த நாளில அந்த வீடு போயிட்டு. மாமி அதுக்கு எவ்வளவோ முந்தி மௌத்து. ராத்தாவும் மச்சானும் அண்டைக்குச் சம்மாந்துறையில, அல்லாஹ் காப்பாத்தினான். தறி, அலுமாரி, புத்தகம், குடை ஒண்டுமில்ல. வளவில மண்ணுக்கு மேல அந்த முதிரை நிலை மட்டும் தனியா நிண்டிச்சி, உள்ளுமில்லாம வெளியுமில்லாம, ஆணியோட. ராத்தா கிட்டப் போய் அதத் தட்டிப் பார்த்தா, வாப்பா மாதிரி.

இப்ப என்ட பேத்தி போனில பார்த்துச் சொல்றாள், கறையான் கரப்பத்தான்ட சொந்தமாம், எறும்புக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லயாம். அத நான் பல்லு முளைக்கக்குள்ளயே ஒப்புவிச்சிட்டன் புள்ள எண்டன்.

சரி, நான் படுக்கோணும். நாளைக்கு மகள்ட மகனுக்கு வீடு பார்க்கப் போறம், பாலமுனைக்கு. அவளுக்கும் அவன் ஒராள்தான். மாபிள் போட்ட வீடாம், கறையானும் இல்ல, எறும்பும் இல்ல, பூச்சி நுழைய ஓட்டையே இல்லயாம். என்ன குறை சொல்லலாம் எண்டு மகள் ராவு பகலா யோசிச்சி மெலிஞ்சி போயிட்டாள். நான் அவளுக்கு ஒண்டும் சொல்லல்ல. என்ட குடைய மட்டும் எடுத்து வாசலில வச்சிரிக்கன்.

மறக்காமக் கொண்டு போகோணும், அங்க மறந்துட்டு வாறதுக்கு.